அமைதிக்கு அடிப்படை எது?

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர்க்கு ஒரு வழக்கம் உண்டு. ஏதேனும் ஒரு நகரத்தில் கலவரம் மூண்டது என்று செய்தி வந்தால், "அங்கே நம்மவர் யார் யார் இருக்கிறார்கள்?" என்றுதான் முதலில் கேட்போம். உடனே தொலைபேசியில் அவர்களை அழைப்போம். அவர்கள் நலமாக இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் செய்தித்தாளை மடித்து வைத்துவிடுவோம். இது மனித இயல்பே. ஆனால் ஓர் ஊரில் கலவரம் ஏன் மூண்டது, அதேபோன்ற மற்றோர் ஊரில் ஏன் மூளவில்லை என்ற வினா, மடித்த தாளுக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

அவ்வினாவை வெளியே எடுத்துப் படிக்கலாம் என்று மும்பையில் வாழும் ஆறு தமிழ்க் குடும்பத்தினராகிய நாங்கள் முனைந்தோம். கடந்த ஓராண்டாக ஞாயிறு மாலைகளில் நம் சங்கப் படிப்பகத்தில் கூடிப் படித்து வருகிறோம். எங்களுள் வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் உண்டு. ரயில்வே ஊழியர் உண்டு. மருத்துவமனைச் செவிலியர் உண்டு. அரசியல் நூல் பயிலும் கல்லூரி மாணவியும் உண்டு. சமயத்தால் நாங்கள் மூவகையினர், மொழியால் ஒருவகையினர். ஆங்கில நூல்களை அறிந்தவர் படித்துத் தமிழில் விளக்குவார். மற்றவர் கேட்டு வினவுவர். அவ்வாறு அறிந்தவற்றுள் நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று கருதியவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

வகுப்புக் கலவரத்திற்குப் பொதுவாகச் சில காரணங்கள் சொல்லப்படுவதுண்டு. பழம்பகை என்பர் சிலர். வறுமை என்பர் சிலர். கல்வியின்மை என்பர் வேறு சிலர். இரு சமயத்தாரும் ஏறத்தாழச் சம எண்ணிக்கையில் வாழும் இடத்தில் மோதல் இயற்கை என்றும் கூறுவர். இவை யாவும் கேட்பதற்குப் பொருத்தமாகவே தோன்றும். ஆயினும், பகையும் வறுமையும் நாடு முழுவதும் பரவிக் கிடக்க, கலவரம் மட்டும் சில ஊர்களிலேயே திரும்பத் திரும்ப நிகழ்வானேன்?

அறிஞர் அசுதோஷ் வார்ஷ்னே இவ்வினாவையே எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார். அவரும் ஸ்டீவன் வில்கின்சன் என்பவரும் 1950 முதல் 1995 வரை 46 ஆண்டுகளில் இந்து முஸ்லிம் கலவரங்களைப் பற்றி ஒரு நாளிதழில் வெளிவந்த செய்திகளைத் தேடித் தொகுத்தனர். அத்தொகுப்பு காட்டிய உண்மைகள் வியப்பூட்டுபவை. நம் நாட்டு மக்களில் பெரும்பாலோர் சிற்றூர்களில் வாழ்பவர். ஆனால் கலவரங்களில் மாண்டவர்களுள் சிற்றூர்களில் மாண்டவர் நூற்றுக்கு நால்வருக்கும் குறைவு. எட்டே நகரங்களில் மாண்டவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 46 பேர். பம்பாய், அகமதாபாத், அலிகார், ஐதராபாத், மீரட், பரோடா, கல்கத்தா, தில்லி என்பனவே அந்த எட்டும். நாட்டின் நகர மக்களுள் நூற்றுக்குப் பதினெண்மர் மட்டுமே இந்நகரங்களில் வாழ்ந்தனர். எனவே கலவரம் என்பது நாடெங்கும் பெய்யும் மழையன்று. சில இடங்களில் மட்டுமே ஊறும் ஊற்று. அவ்விடங்களில் இருப்பது யாது, ஏனைய இடங்களில் இருப்பது யாது என்பதே ஆராயத் தக்கது.

அதற்காக அவர் நகரங்களை இரண்டிரண்டாக இணைத்து ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சி 2002இல் நூலாக வெளிவந்தது. அதில் எங்கள் உள்ளத்தைக் கவர்ந்த இணை, உத்தரப்பிரதேசத்து அலிகாரும், நம் முன்னோர் கள்ளிக்கோட்டை என்று அழைத்த கேரளத்துக் கோழிக்கோடும் ஆகும். இரு நகரங்களிலும் முஸ்லிம்களின் எண்ணிக்கை நூற்றுக்கு 36 முதல் 38 வரை. பழம்பகையே காரணமென்றால் கோழிக்கோடு எரிந்திருக்கவேண்டும். 1921இல் மலபாரில் நிகழ்ந்த மாப்பிள்ளைக் கிளர்ச்சியின் குருதி அப்பகுதியின் நினைவில் உண்டு. அவ்வாறிருந்தும், அந்த ஆராய்ச்சிக் காலத்தில் அலிகாரில் கலவரங்கள் மீண்டும் மீண்டும் மூண்டன. கோழிக்கோடு அமைதியாக இருந்தது.

இருசாராரும் எவ்வாறு பழகுகின்றனர் என்று ஆராய்ச்சியாளர் மக்களிடமே கேட்டனர். இரு சமயத்தாரும் அடிக்கடி கூடியிருந்து உண்பதுண்டு என்று கோழிக்கோட்டில் நூற்றுக்கு 83 பேர் கூறினர். அலிகாரில் 54 பேரே அவ்வாறு கூறினர். தங்கள் பிள்ளைகள் கூடி விளையாடுவதாகக் கோழிக்கோட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 90 குடும்பத்தார் கூறினர். அலிகாரில் 42 குடும்பத்தாரே கூறினர். தாய்மார்கள் இந்தக் கடைசிக் கணக்கை மட்டுமேனும் சற்று நிறுத்திப் படிக்கவேண்டும். எங்கள் கூட்டத்தில் இதைப் படித்தபோது செவிலியரான அம்மையார், "நம் கட்டடத்துக் குழந்தைகள் யாருடன் விளையாடுகிறார்கள் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?" என்று கேட்டார். ஒவ்வொருவரும் தத்தம் வீட்டு வாயிலை நினைத்துக்கொண்டோம்.

ஆனால் கூடியுண்பதும் கூடி விளையாடுவதும் மட்டும் போதா என்பதே அந்நூலின் மையக் கருத்து. சிற்றூரில் எல்லாரும் எல்லாரையும் அறிவர். அங்கே அண்டை வீட்டு நட்பே காவல். இலட்சக்கணக்கானோர் வாழும் நகரத்தில் அந்நட்பு ஒரு தெருவோடு நின்றுவிடும். எங்கோ கிளப்பப்பட்ட வதந்தி நகரின் மறுகோடியை அடைந்து ஆயுதம் எடுக்கச் செய்யும். அதைத் தடுக்க, நகரம் முழுவதும் கிளை பரப்பிய சங்கங்கள் தேவை. அச்சங்கங்களில் இருசாராரும் உறுப்பினராக இருக்கவேண்டும். அச்சங்கம் உடைந்தால் இருசாரார் வயிற்றிலும் அடி விழவேண்டும்.

கோழிக்கோட்டில் அத்தகைய சங்கங்கள் இருந்தன. மூட்டை சுமப்போரும் ரிக்‌ஷா இழுப்போரும் சமயம் பாராத தொழிற்சங்கங்களில் இருந்தனர். வணிகர் கூட்டமைப்பில் பதிவு பெற்ற 26 வணிகச் சங்கங்களுள் 11இல் தலைவர் ஒரு சமயத்தவராகவும் செயலாளர் மற்றொரு சமயத்தவராகவும் இருந்தனர் என்று அந்நூல் கூறுகின்றது. வாசகசாலைகளும் கலைமன்றங்களும் இருசாராரையும் ஒன்றாய்ச் சேர்த்தன. அலிகார் பூட்டுத் தொழிலுக்குப் பேர்போன நகரம். இந்துக்களும் முஸ்லிம்களும் அத்தொழிலில் உள்ளனர். ஆயினும் ஒருவர் தொழிலுக்கு மற்றவர் இன்றியமையாதவராக அங்கு அமையவில்லை. ஒரே பொருளைச் செய்தும் இரு தனி உலகங்களாக வாழ்ந்தனர்.

இவ்வேறுபாட்டின் விளைவு வதந்தி வரும் நாளில் தெரியும். 1989 முதல் 1992 வரை அயோத்திப் பூசலால் நாடே கொதித்தபோது இரு நகரங்களிலும் வதந்திகள் உலவின. கோழிக்கோட்டில் இருசாராரும் அமர்ந்த அமைதிக் குழு, அதிகாரிகளோடு சேர்ந்து ஒவ்வொரு வதந்தியையும் விசாரித்துப் பொய்யென அறிவித்தது. அலிகாரில் 1990 டிசம்பரில், பல்கலைக்கழக மருத்துவமனையில் இந்து நோயாளிகள் கொல்லப்பட்டனர் என்னும் முழுப் பொய்யை உள்ளூர்ப் பத்திரிகைகளே அச்சிட்டன. பத்திரிகைக் கவுன்சில் பிற்பாடு கண்டித்தது; அதற்குள் உயிர்கள் போய்விட்டன. அலிகாரிலும் தெருக் குழுக்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவை ஒவ்வொரு சமயத்தாரும் தம்மைக் காத்துக்கொள்ளத் தமக்குள்ளேயே அமைத்துக்கொண்டவை. இரவெல்லாம் விழித்திருந்த அக்குழுக்கள் அச்சத்தைக் குறைக்கவில்லை, வளர்த்தன. ஒருசாராரே கூடியிருக்கும் அறையில், "அது பொய், நான் அங்கிருந்துதான் வருகிறேன்" என்று எழுந்து சொல்ல ஆள் இல்லை. நாங்கள் படித்தவற்றுள் எங்களை மிகுதியும் சிந்திக்க வைத்த செய்தி இதுவே.

இருந்த பாலம் இடிந்தால் என்ன ஆகும் என்பதற்கு அகமதாபாத் சான்று. அங்கே அனசூயா சாராபாய் அம்மையாரும் காந்தியடிகளும் வளர்த்த மஜூர் மகாஜன் என்னும் ஆலைத் தொழிலாளர் சங்கம் 1920இல் தோன்றியது. இந்து முஸ்லிம் தொழிலாளர்கள் அதில் ஒன்றாக இருந்தனர். 1946 ஜூலை முதல் நாள் அந்நகரில் கலவரம் நேர்ந்தபோது, வசந்தராவ் ஹெகிஷ்டே, ரஜப் அலி லக்கானி என்னும் இரு நண்பர்கள் அதைத் தணிக்கச் சென்று இருவருமே உயிர் துறந்தனர். அவர்களை அந்நகரம் இன்றும் சேர்த்தே நினைக்கின்றது. ஆனால் அச்சங்கத்தின் செல்வாக்கு நாளடைவில் தேய்ந்தது. 1969 கலவரத்தில் 660 பேர் மாண்டதாக அரசுக் கணக்கு கூறுகின்றது. 1980களில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இரு சமயத் தொழிலாளரும் தோளுரசி நின்ற இடம் மறைந்தது. 1985இலும் 2002இலும் அந்நகரம் மீண்டும் பற்றி எரிந்தது.

இல்லாத பாலத்தைக் கட்டவும் கூடும் என்பதற்குச் சான்று தேடி நாங்கள் தொலைவு செல்ல வேண்டியிருக்கவில்லை. மும்பைக்கு அருகிலுள்ள விசைத்தறி நகரமாகிய பிவண்டி 1970இலும் 1984இலும் கொடிய கலவரங்களைக் கண்டது. 1988இல் அங்கே போலீஸ் துணை ஆணையராக வந்த சுரேஷ் கோப்டே, நகரெங்கும் 70 மொஹல்லாக் குழுக்களை அமைத்தார். இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருங்கே அமர்ந்த குழுக்கள் அவை. கலவரம் வந்தபின் கூட்டிய குழுக்கள் அல்ல; அமைதிக் காலத்திலேயே தவறாமல் கூடியவை. தெருச் சண்டை, ஊர்வலப் பாதை போன்ற சிறு வழக்குகளை அங்கேயே பேசித் தீர்த்தனர். போலீஸாரையும் மக்கள் முகமறிந்து பழகினர். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் பம்பாய் எரிந்தபோது பிவண்டி எரியவில்லை.

பம்பாயில் அவ்விரு மாதங்களில் 900 பேர் மாண்டனர் என்று நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா விசாரணைக் குழு கணக்கிட்டது. அதன்பிறகே இந்நகரத்திலும் பிவண்டியைப் பின்பற்றி மொஹல்லாக் குழு இயக்கம் எழுந்தது. ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரி ஜூலியோ ரிபைரோ, சுசோபா பர்வே அம்மையார், அந்நாளைய போலீஸ் ஆணையர் சதீஷ் சாஹ்னி முதலியோர் அதற்கு உழைத்தனர். தமிழர்கள் பெருந்தொகையினராக வாழும் தாராவியில் பாவு கோர்டே, வக்கார் கான் என்னும் இருவர் இணைந்து பணியாற்றினர். வக்கார் கான் துணி தைத்து விற்கும் தொழில் செய்தவர். நான்கு சமயத்துக் கோலத்தில் நான்கு சிறுவர்களை நிறுத்திப் படம் எடுத்துச் சுவரொட்டியாக்கிப் பரப்பினார். பெரும்பேச்சு எதுவுமின்றி அப்படம் கடைச் சுவர்களிலும் காவல் நிலையங்களிலும் இடம் பெற்றது.

இவ்வளவும் படித்தபின் எங்களுக்குள் ஒரு வாதம் எழுந்தது; அதை மறைக்காமல் எழுதுவதே முறை. எங்களுள் ஓய்வு பெற்ற அன்பர், "குழு அமைத்தால் கலவரம் நிற்குமா? நிறுத்த வேண்டியது அரசல்லவா?" என்றார். அவர் கேள்விக்கும் அறிஞர் துணை உண்டு. அலிகாரைப் பல்லாண்டு ஆராய்ந்த பால் பிராஸ், கலவரங்கள் தாமாக வெடிப்பவை அல்ல, அவற்றை மூட்டுவதில் பழகிய கைகள் உள்ளன என்று எழுதினார். தொகுப்பில் பங்கு கொண்ட வில்கின்சனோ, சிறுபான்மையோரின் வாக்கு தேவைப்படும் அரசு கலவரத்தை விரைந்து அடக்கும், தேவைப்படாத அரசு தயங்கும் என்னும் முடிவுக்கு 2004இல் வெளியிட்ட நூலில் வந்தார். எங்கள் மாணவி மற்றொன்று சொன்னாள்: "ஸ்ரீகிருஷ்ணா குழுவின் அறிக்கை 1998இல் வந்தது. அதில் குறிக்கப்பட்டோருள் எத்தனை பேர் தண்டனை பெற்றனர்? நீதி கிடைக்காதவனிடம் சென்று அமைதியாக இரு என்று சொல்வது அவன் வாயைப் பொத்துவதாகாதா?"

அவள் கேள்வியில் உண்மை உண்டு. அமைதி வேறு, அடக்கம் வேறு. நீதி வழங்குவது நீதிமன்றத்தின் கடமை. உயிரைக் காப்பது அரசின் கடமை. அவற்றிலிருந்து எந்தக் குழுவும் அவர்களை விடுவித்துவிட முடியாது. எனினும் அரசு தயங்கும் இரவில், போலீஸ் வருவதற்கு முந்திய அந்தச் சில மணி நேரத்தில், பூட்டிய கதவின் முன் நிற்கக்கூடியவர் அண்டை வீட்டாரே. நீதி கேட்டு வழக்காடும் நாளில் சாட்சி சொல்ல வருபவரும் அவரே. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல என்ற முடிவுக்கு நாங்கள் வந்தோம். மாணவி பாதியே இசைந்தாள். அந்த மறுபாதியும் எங்கள் குழுவுக்குத் தேவை என்றே கருதுகின்றோம்.

இதற்கிடையே எங்கள் ஆறு குடும்பங்களுள் ஒன்றுக்கு நேர்ந்ததைக் கூறவேண்டும். மேலப்பாளையத்தைச் சேர்ந்த அந்த இளைஞரும் அவர் துணைவியாரும் சங்கத்திற்கு நடந்து வரும் தொலைவிலேயே வாடகை வீட்டில் இருந்தனர். குடிக்கூலி ஒப்பந்தம் முடியவே வேறு வீடு தேடினர். தரகர் தொலைபேசியில் அவர் பேச்சைக் கேட்டு, "தமிழரா? மிக நல்லவர்கள், அமைதியானவர்கள், உடனே வாருங்கள்" என்பார். நேரில் சென்று பெயரைச் சொன்னதும் வீட்டு உரிமையாளர் வெளியூர் போயிருப்பார், அல்லது வீடு முன்னாளே முடிந்திருக்கும். ஒரு கட்டடத்தில் மட்டும் காரணத்தை மறையாமலே சொன்னார்கள். மொழியால் திறந்த கதவு பெயரால் மூடியது. ஏழு வாரம் தேடிய பிறகு, ரயிலில் ஒன்றரை மணி நேரத் தொலைவில், தம் சமயத்தாரே வாழும் பகுதியில் குடியேறினர். எங்கள் கூட்டத்திற்கு அவர் இன்றும் வருகிறார். ஆனால் ஞாயிறு காலைத் தமிழ் வகுப்பில் முதல் வரிசையில் அமர்ந்திருந்த அவர் மகள் இப்பொழுது வருவதில்லை. அத்தனை தொலைவு குழந்தையால் வர இயலவில்லை. நூலில் நாங்கள் எண்ணாகப் படித்த பிரிவு எங்கள் வகுப்பறையில் ஒரு காலியிடமாக வந்து அமர்ந்தது.

மொழியின் பேரால் வரும் பகையையும் நாம் அறியாதவர் அல்லர். 1960களின் பிற்பகுதியில் பம்பாயில் தென்னிந்தியருக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியை நம் பெரியோர் கண்டனர். 1991 டிசம்பரில் காவிரிப் பூசலை ஒட்டிப் பெங்களூரில் தமிழர் தாக்கப்பட்டு, பலர் வீடு துறந்து ஓடினர். அவ்வாண்டிலேயே திறப்பதாயிருந்த அந்நகர் வள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்டில் அது திறக்கப்பட்டது. அதே வாரத்தில் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பட்டது. ஒருவர் பெருமையை மற்றவர் ஊரில் நிறுத்தும் அந்த ஏற்பாடு, இருவர் கூடி அமர்ந்து பேசியதால் விளைந்தது. காவிரிப் பூசல் அதனால் தீர்ந்துவிடவில்லை. 2016இல் மீண்டும் பேருந்துகள் எரிந்தன. ஆயினும் இரு சிலைகளும் இடத்தில் நிற்கின்றன. ஒரு பெயருக்காகவோ ஒரு சொல்லுக்காகவோ ஒதுக்கப்படுதல் எத்தகையது என்று பட்டறிந்த நாம், அதையே வேறொருவர் படும்போது வேடிக்கை பார்த்திருத்தல் தகாது.

இனி நம் சங்கத்தைப் பற்றி ஒரு சொல். நம் சங்கம் நமக்குச் செய்திருக்கும் நன்மை பெரிது. மொழியறியாமல் வந்திறங்கியவர்க்கு வேலையும் வீடும் தேடித் தந்தது. நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தது. மூன்று சமயத்துத் தமிழரையும் ஒரே பந்தியில் அமர்த்தியது. இந்த ஒன்றே அலிகார் அறியாத செல்வம். ஆனால் அந்நூல் கூறும் பிரிவின்படி பார்த்தால், இத்தெருவில் மராத்தியரும், குஜராத்தியரும், உருது பேசுவோரும், உத்தரப்பிரதேசத்தாரும் வாழ, நம் சங்கம் தமிழர்க்குள் அமைந்த சங்கமே. வதந்தி வரும் இரவில், "அது பொய்" என்று சொல்ல அவர்களுள் ஒருவரும் நம் அறையில் இருக்கமாட்டார்.

ஆகவே வரும் பொதுக்குழுவின் முன் மூன்று வேண்டுகோள்களை வைத்துள்ளோம். படிப்பகத்தின் விதியைத் திருத்தி அதை அக்கம்பக்கத்தார் அனைவர்க்கும் திறந்துவிட்டு, மராத்தி, இந்தி, உருது நாளிதழ்களையும் வாங்குதல் ஒன்று. மாலை வேளையில் கணக்கும் ஆங்கிலமும் கற்பிக்கும் வகுப்பில் எம்மொழிப் பிள்ளையையும் சேர்த்தல் ஒன்று. இத்தெருவிலுள்ள கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பிற சங்கங்கள் ஆகியவற்றினின்று இருவர் இருவராக அமர்ந்து, கலவரம் இருப்பினும் இல்லாவிடினும் மாதம் ஒருமுறை கூடும் குழு ஒன்று. குழாய் நீர், குப்பை, ஒலிபெருக்கி, ஊர்வல நேரம் என்பவையே அக்குழு பேசட்டும். வாட்ஸாப்பில் ஒரு கொடுஞ்செய்தி வந்தால், அதை மற்றவர்க்கு அனுப்புமுன் யாரை அழைத்துக் கேட்பது என்பது நமக்குத் தெரிந்திருக்கும்.

"தமிழுக்கென்று ஒரு மூலையேனும் வேண்டாமா? எல்லாரும் வந்தால் நம் மொழி என்னாகும்?" என்று மூத்த உறுப்பினர் சிலர் கேட்கின்றனர். அவர்கள் கவலை மதிக்கத் தக்கது. இச்சங்கத்தைக் கல்மேல் கல் வைத்துக் கட்டியவர்கள் அவர்கள். தமிழ் வகுப்பும், பொங்கல் விழாவும், இத்திங்களிதழும் தமிழிலேயே நடைபெறும்; அவற்றில் ஓர் எழுத்தையும் குறைக்கச் சொல்லவில்லை. நாளிதழ் மேசையைச் சற்று நீளமாக்கவே வேண்டுகிறோம்.

பொதுக்குழு வரும் திங்களில் கூடுகிறது. இசைபவரும் மறுப்பவரும் தவறாமல் வந்து தம் கருத்தை உரைக்க வேண்டுகிறோம். வேண்டுகோள்கள் நிறைவேறினால் படிப்பகத்தில் போட இன்னும் இரண்டு மேசைகளும் பன்னிரண்டு நாற்காலிகளும் தேவைப்படும். அச்செலவை எங்கள் ஆறு குடும்பங்களும் ஏற்றுக்கொள்வதாகச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்துள்ளோம்.